ஜீவிதாவாக நடிக்கப்போகிறவள்

சேலையூர்
4.8.2025

அன்புள்ள வெண்ணிலா,

அனுப்புநர் பெயரைப் பார்த்ததும் பிரிக்காமல் அலமாரியில் போட்டுவிடாதே. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் போடு. சேலையூரிலிருந்து மறைமலை நகருக்கு இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். அதைத் தாண்ட எனக்கு இருபத்தைந்து வருடம் ஆகியிருக்கிறது, அதுவும் தபால்காரர் தயவில்.

நாங்கள் நலம். என் வீட்டுக்காரர் ஜோஷ்வாவுக்கு பேங்க் வேலை இன்னும் நாலு வருடம் இருக்கிறது. இப்போதே ரிட்டயர் ஆனவர் மாதிரி சாயங்காலமானால் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடக்கப் போய்விடுகிறார். நான் கேம்ப் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். அறுபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் சுருதி விலகிப் பாடுவதைக் கேட்டிருக்கிறாயா? நீ அதிர்ஷ்டக்காரி, உனக்குக் கேட்பது ஒரு காதுதான். கோபித்துக்கொள்ளாதே. உன் இடது காதை நான் கேலி செய்யாமல் வேறு யார் செய்வது?

விஷயத்துக்கு வருகிறேன். டைரக்டர் ஹேமநாத் உன்னையும் வந்து பார்த்திருப்பார். நம் ‘எட்டு பன்னிரண்டு’ குழுவைப் படமாக எடுக்கிறார். என்னிடம் ஒரே மூச்சில் கதை சொன்னார். “தாம்பரத்துல 8:12 லோக்கல்ல லேடீஸ் கம்பார்ட்மெண்ட்ல பாடிக்கிட்டே காலேஜ் போன மூணு பொண்ணுங்க மேடம். கேசட் போட்டு, டிவில வந்து, ரெண்டே வருஷத்துல காணாமப் போயிடுறாங்க.” காணாமல் போன மூவரில் ஒருத்தி எதிரே உட்கார்ந்து அவருக்கு முறுக்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

நம் வேடங்களில் யார் நடிக்கிறார்களோ அவர்களுக்கு நாம் தனித்தனியே சம்மதக் கடிதம் தர வேண்டுமாம். கீபோர்டு வாசித்த உதயா மெல்போர்னிலிருந்து உடனே அனுப்பிவிட்டாள். ஒரே நிபந்தனை, நடிக்கிற பெண் ஒல்லியாக இருக்க வேண்டும்.

போன சனிக்கிழமை என் வேடத்துக்குத் தேர்வான பெண் வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்தேன். உன் நெற்றி, உன் புருஷன் அச்சுதனின் கண். “நான் நித்யஸ்ரீ. நான்தான் ஆன்ட்டி, நீங்க” என்று சிரித்தாள். உன் மகள் என்று அவள் சொல்லும் முன்பே தெரிந்துவிட்டது.

இரண்டு படத்தில் கதாநாயகிக்குத் தோழியாக வந்தாளாம். முக்கிய வேடம் இதுதான் முதல் தடவையாம். நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு நான் எப்படி நடப்பேன், எப்படித் தண்ணீர் குடிப்பேன் என்றெல்லாம் எழுதிக்கொண்டாள். கடைசியில்தான் அதைக் கேட்டாள். 1999 டிசம்பர் 31, கோவளம் கடற்கரை ரிசார்ட். “கச்சேரிக்கு ரெண்டு மணி நேரம் இருக்கும்போது மேடையை விட்டு ஓடிட்டீங்கன்னு ஸ்கிரிப்ட்ல இருக்கு. ஏன் ஆன்ட்டி ஓடுனீங்க?”

இன்னொரு காபி போட்டுக் கொடுத்தேன்.

செப்டம்பர் பதினைந்துக்குள் நான் கடிதம் கொடுக்க வேண்டும். அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல, வெண்ணிலா? உன்னைக் கேட்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன். நம்பர் இல்லாததால் இந்தக் கடிதம். படக் கம்பெனிக் காகிதத்தில் உன் முகவரி இருந்தது.

ஜெபத்துடன்,
ஜீவிதா


மறைமலை நகர்
11.8.2025

ஜீவிதாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்களும் நலம். அச்சுதன் அதே கார் பாகக் கம்பெனியில்தான் இருக்கிறார். இப்போது ஷிஃப்ட் சூப்பர்வைசர். என் நம்பர் தரவில்லை. இப்போது வலது காதும் மங்கிவிட்டது, போனில் பாதிதான் கேட்கிறது. எழுது, படித்துக்கொள்கிறேன்.

நித்யா இந்தப் படத்தில் நடிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். உன் வேடம் என்று தெரியாது. நான் கேட்டபோது “பெரிய ரோல்மா, அப்புறம் சொல்றேன்” என்றாள். என் வேடம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பழைய கேசட் அட்டையைக்கூட எடுத்துத் துடைத்து வைத்திருந்தேன். பெற்றவள் வேடம் வேண்டாம், உன் வேடம் வேண்டுமாம். சரி, அவள் தொழில், அவள் இஷ்டம்.

நீ சம்மதக் கடிதம் கொடுத்துவிடு. அவள் எத்தனை ஆடிஷனுக்கு வெயிலில் அலைந்தாள் என்று எனக்குத்தான் தெரியும். பழைய விஷயம் எதையும் பேச வேண்டாம். நீ பயந்து ஓடினாய் என்று ஊரே நம்புகிறது, நீயும் இத்தனை நாள் அதை மறுக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

வெண்ணிலா


சேலையூர்
20.8.2025

அன்புள்ள வெண்ணிலா,

பதில் எழுத வேண்டியதில்லை என்றாய். உன் பேச்சை நான் என்றைக்குக் கேட்டிருக்கிறேன்? நீயும் பல்லவியை எடுக்க வேண்டிய இடத்தில் எடுத்ததில்லை. சரிக்குச் சரி.

நித்யா மூன்று தடவை வந்துவிட்டாள். உன் வேடம் அவளுக்குக் கிடைக்காமல் போகவில்லை. ஹேமநாத் முதலில் அதைத்தான் கொடுத்தார். இவள்தான் மாட்டேன் என்றாளாம். காரணம் கேட்டேன். “அம்மாவை இருபத்தஞ்சு வருஷமா பாக்கறேன் ஆன்ட்டி. பாட்டுன்னு வந்தா வாயத் தொறக்க மாட்டாங்க. அவங்க பாடும்போது பக்கத்துல நின்ன ஆளா நின்னு பாத்தா, அவங்களைத் தெரியுமோ என்னவோ” என்றாள். நீ கேசட் அட்டையைத் துடைத்து வைத்ததை நினைத்துக்கொண்டேன். உன்னை வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, வெண்ணிலா. உன் பக்கத்தில் வந்து நிற்கப் பார்க்கிறாள்.

உன் வேடத்துக்கு மும்பையிலிருந்து ஒரு பெண் வருகிறாள். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நிறம். கறுப்பு பூசிக்கொண்டு நடிப்பாளாம். கோவளம் குப்பத்துப் பெண்ணுக்கு இதுதான் ஆள் என்று யார் முடிவு செய்தார்களோ! இதற்காவது நீ ஹேமநாத்தை நாலு கேள்வி கேட்பாய் என்று நம்புகிறேன்.

இப்போது நான் பயந்த விஷயம். உன் மகள் வேலை செய்கிற விதமே வேறு. வசனத்தைப் பார்ப்பதில்லை, கைகளைப் பார்க்கிறாள். நம் டிவி நிகழ்ச்சிகளை எல்லாம் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாளாம். “ஒவ்வொரு பாட்டுலயும் நீங்க அம்மாவோட மணிக்கட்டுல ரெண்டு விரலால ரெண்டு தட்டு தட்டறீங்க. உடனே அம்மா பாட ஆரம்பிக்கறாங்க. டான்ஸ் மாஸ்டர் அத ஸ்டைல்னு சொல்றாரு. ஸ்டைலா ஆன்ட்டி?” என்று கேட்டாள்.

ஸ்டைல்தான் என்றேன்.

“அம்மாவுக்கு இடது காது கேக்காது. ஜெனரேட்டர் சத்தத்துல மேடையில எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியாது. அதான நீங்க எப்பவும் இடது பக்கம் நின்னீங்க?” என்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

பிறகு போனில் ஒரு வீடியோ காட்டினாள். அன்றைக்கு உதயாவின் அண்ணன் கேமராவில் எடுத்த சவுண்ட் செக். நாலு மணி வெயில். நீ மைக் முன்னால் நிற்கிறாய். என் கை உன் மணிக்கட்டில் இல்லை. என் துப்பட்டாவைக் கழற்றி உன் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிறேன். அதோடு படம் நின்றுவிடுகிறது. “ஓடப்போறவங்க அடுத்தவங்க இடுப்புல ஏன் ஆன்ட்டி துப்பட்டா கட்டணும்?”

அடுத்த ஜூலையில் பிறந்தவள் அவள். மாதத்தை விரல் விட்டு எண்ணத் தெரியாதவளா? இன்னும் எண்ணவில்லை, அவ்வளவுதான்.

ஊர் முழுக்க என்னை ஓடுகாலி என்றபோது நான் பேசாமல் இருந்தேன். அது எனக்கு முடிந்தது. ஆனால் என்னைப் போலவே நடக்கக் கற்றுக்கொள்கிற ஒரு பெண்ணை எதிரே வைத்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு முடியவில்லை. அவளுக்கு உண்மை தெரிய வேண்டும், அதை நீதான் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நான் சம்மதக் கடிதம் தரமாட்டேன். பொய்யான ஜீவிதாவாக வேறு யார் வேண்டுமானாலும் நடிக்கட்டும், உன் மகள் வேண்டாம்.

மிரட்டுவதாக நினைத்தாலும் பரவாயில்லை. ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. நித்யா பிறந்த பதினோராம் நாள் உன் அத்தை வீட்டுக்கு ஒரு மஞ்சள் கவுன் எடுத்துக்கொண்டு வந்தேன். நீ தூங்குகிறாய் என்றார்கள். அறைத் திரைக்குக் கீழே உன் கால் தெரிந்தது. நீ நின்றுகொண்டிருந்தாய். நின்றுகொண்டு யாரடி தூங்குவார்கள்?

ஜீவிதா


மறைமலை நகர்
29.8.2025

ஜீவி,

உன் கடிதத்தைப் பத்து தடவை படித்தேன். கோபம் வந்தது. கிழிக்கலாம் என்று எடுத்தேன். அந்தக் கவுன் இன்னும் என் பீரோவில் இருக்கிறது, அதனால் கிழிக்கவில்லை.

ஆமாம், நின்றுகொண்டுதான் இருந்தேன். ஏன் என்று உனக்குத் தெரியும் என்றே இத்தனை வருடமும் நினைத்தேன். தெரியாத மாதிரி எழுதுகிறாய். அதனால் நானே எழுதுகிறேன்.

அக்டோபரில் தாம்பரம் ரிஜிஸ்டர் ஆபீசில் எனக்கும் அச்சுதனுக்கும் கல்யாணம். சாட்சிக் கையெழுத்து நீ. ஒரு நல்ல நாள் பார்த்து அப்பாவிடம் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் நித்யா வந்துவிட்டாள், வயிற்றில். கோவளம் கச்சேரிக்கு அப்பா குப்பன் அன்றைக்குப் படகை இறக்கவில்லை. அம்மா முத்தாலம்மாள் மீன் கூடையை மதியமே கவிழ்த்துவிட்டுப் புதுப் புடவை கட்டி முதல் வரிசையில் இடம் போட்டிருந்தாள். குப்பத்தில் பாதி ஜனம் அங்கேதான். எங்கள் கடல், எங்கள் மண், என் குரல். அந்த ஒரு நாளுக்காகத்தான் நான் பாடவே வந்தேன் என்று தோன்றியது.

சவுண்ட் செக்கில் எனக்கு உதிரம் போக ஆரம்பித்தது. நீ துப்பட்டாவைக் கட்டினாய். உதயாவிடம், “நான் பயந்து ஓடிட்டேன்னு சொல்லு, என்னைக் கூட்டிவர வெண்ணிலா பின்னாலயே போயிருக்கான்னு சொல்லு” என்றாய். அப்பாவுக்கு விஷயம் தெரியாமல் இருக்க அந்த நிமிஷத்தில் உனக்கு அதுதான் தோன்றியது. என்னைக் காரில் ஏற்றினாய்.

மேடவாக்கம் கூட்டுரோட்டில் சிக்னல். அங்கே நான் சொன்னேன். “வண்டியத் திருப்புடி. இது போனாப் போவுது. நான் பாடணும்.”

எழுதிவிட்டேன். இருபத்தைந்து வருடத்தில் இதை நான் எனக்கே உரக்கச் சொன்னதில்லை. நீ டிரைவரிடம் “நேரா போங்கண்ணா” என்று மட்டும் சொன்னாய்.

நித்யாவுக்கு முதல் பல் முளைத்தபோது, பள்ளிக்கூடம் போனபோது, எனக்கு டைஃபாய்டு வந்து அவள் ராப்பகலாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, ஒவ்வொரு தடவையும் அந்த சிக்னல் வந்து நிற்கும். அந்த வார்த்தையைக் கேட்டவள் உலகத்தில் நீ ஒருத்திதான். உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? அதனால் திரைக்குப் பின்னால் நின்றேன். உன்மேல் பழி விழுந்ததும் எனக்கு வசதியாகப் போயிற்று. இதற்கு மன்னிப்பு என்று ஒன்று இருந்தால் உன்னிடம்தான் கேட்க வேண்டும்.

அச்சுதனுக்கும் தெரியாது. அன்றைக்கு அவர் ஷிஃப்டில் இருந்தார். எனக்குக் காய்ச்சல் என்றுதான் சொன்னேன்.

நித்யாவிடம் எதையும் சொல்லாதே, ஜீவி. பாதியைச் சொன்னால் மீதியையும் கண்டுபிடிப்பாள், நீயே பார்த்தாய். பெற்றவள் தன்னை வேண்டாம் என்று சொன்னாள் என்று ஒரு பெண்ணுக்குத் தெரியலாமா? சம்மதக் கடிதத்தைக் கொடுத்துவிடு. உன் காலில் விழுகிறேன்.

வெண்ணிலா


சேலையூர்
5.9.2025

என் வெண்ணிலா,

உன் கடிதத்தை டீச்சர்ஸ் ரூமில் வைத்துப் படித்தேன். இன்றைக்கு லீவு என்பதால் ஆசிரியர் தின விழா நேற்றே நடந்தது. பிள்ளைகள் கொடுத்த ரோஜாவைக் கையில் வைத்துக்கொண்டு அழுததில், எல்லாரும் நான் நெகிழ்ந்துவிட்டதாக நினைத்துக் கை தட்டினார்கள்.

நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. மறக்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கேட்டு உன்னை வெறுத்தேன் என்று நீயாக முடிவு செய்தாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இருபத்து மூன்று வயது உனக்கு. அந்த நிமிஷம் எனக்கும் வண்டியைத் திருப்பத்தான் ஆசை. நானும் பாடத்தானே வந்தேன்? “நேரா போங்கண்ணா” என்று சொன்னது வாய்தான். மனசு கோவளத்திலேயே நின்றது. உன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன். பழியை நான் சும்மா சுமக்கவில்லை. உனக்காகச் சுமக்கிறேன் என்ற நினைப்பு எனக்கு ருசியாகத்தான் இருந்தது. யாருக்கும் பங்கு தராமல் இத்தனை வருடம் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதனால் என்னைப் பெரிய தியாகி என்று நினைத்துவிடாதே.

நீ மேடவாக்கம் சிக்னலிலேயே நின்றுவிட்டாய். வண்டி அதற்கப்புறமும் போனது, வெண்ணிலா. ஆஸ்பத்திரி வரை போனது. அங்கே நடந்ததை நீ ஏன் எழுதவில்லை? மறந்துவிட்டாயா?

டாக்டரம்மா உன் வயிற்றில் அந்தக் கருவியை வைத்தார்கள். நீ சுவர்ப் பக்கம் திரும்பி, நல்ல காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டாய். எதுவும் கேட்கக் கூடாது என்று வேண்டுமென்றே அழுத்தினாய், நான் பார்த்தேன். சத்தம் வந்தது. சின்ன இதயம், எவ்வளவு வேகம்! டாக்டரம்மா சிரித்தார்கள். நீ திரும்பவில்லை. நான் என்ன செய்ய? வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தேன். இடது பக்கம் போய் உட்கார்ந்து, உன் மணிக்கட்டைப் பிடித்து, அது அடித்த அதே வேகத்தில் இரண்டு விரலால் தட்டினேன்.

அப்புறம் முகத்தைத் திருப்பாமலே, “இன்னாடி, இவ்ளோ வேகமா போவுது?” என்று கேட்டாய். நான் விட்டுவிடப் போகிறேனோ என்று என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாய். விரல் சிவந்துவிட்டது. நர்ஸ் வந்து போகச் சொல்லும்வரை தட்டிக்கொண்டிருந்தேன்.

அவளை வேண்டாம் என்றவள் நீ என்று எழுதியிருக்கிறாய். அரை மணி நேரம் கழித்து அவளை விடாமல் பிடித்துக்கொண்டவளும் நீதான். இரண்டையும் கேட்டவள் நான். சாட்சிக் கையெழுத்து எதற்கு வேண்டுமானாலும் போடுகிறேன்.

சம்மதக் கடிதம் எழுதி, தேதி போட்டு, இதோடு வைத்திருக்கிறேன். இனி நிபந்தனை இல்லை. ஹேமநாத்துக்கு நீயே அனுப்பு. சொல்லிவிட்டு அனுப்புவாயோ, சொல்லாமலே அனுப்புவாயோ, உன் விருப்பம். எப்படி இருந்தாலும் உன் மகளுக்கு அந்த வேடம் உண்டு. என் வாயிலிருந்து ஒரு சொல் வராது.

ஜீவி


மறைமலை நகர்
14.9.2025

அன்புள்ள ஜீவி,

உன் கடிதத்தை ஒரு வாரம் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஆஸ்பத்திரி எனக்கு நினைவில்லை. சத்தியமாக இல்லை. சுவரின் பச்சை பெயிண்ட் மட்டும்தான் நினைவு. உன் கடிதத்தைப் படித்தபிறகு மணிக்கட்டு மட்டும் குறுகுறுத்துக்கொண்டே இருந்தது.

நேற்று மதியம் நித்யா வந்திருந்தாள். சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் செதில். கை கழுவிவிட்டு உட்கார்ந்து சொல்ல எனக்கு தைரியம் வராது என்று தெரியும். அதனால் அப்படியே, மீனைப் பார்த்துக்கொண்டே, எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணம், துப்பட்டா, மேடவாக்கம். அந்த வார்த்தையையும் ஒரு எழுத்துகூடக் குறைக்காமல் சொன்னேன்.

அவள் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணி நேரம். என் மகள் போய்விட்டாள் என்றே நினைத்தேன். அடுப்பில் போட்ட மீன் கருகியது தெரியவில்லை.

திரும்பி வந்து சொன்னாள். “அழுதேன்மா. கஷ்டமாத்தான் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா யோசிச்சுப் பாத்தேன். மொத வரிசையில தாத்தா, கையில மைக்கு. நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்.” உட்கார்ந்துவிட்டேன். உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். அப்புறம் என் இடது பக்கம் வந்து உட்கார்ந்து, மீன் வாடையோடு இருந்த மணிக்கட்டைப் பிடித்துத் தட்டினாள். “இவ்ளோ வேகமாம்மா?”

“இன்னும் வேகம்” என்றேன். அது எனக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

அச்சுதன் ஷிஃப்ட் முடிந்து வந்து, கருகிய மீனையும் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துத் திகைத்துப்போனார். அவருக்கும் சொன்னேன். “ஜீவிதாவை இத்தனை வருஷம் நானும் திட்டினேனே” என்றார்.

உன் சம்மதக் கடிதத்தை இன்று காலை நித்யாவிடமே கொடுத்தனுப்பினேன். கூடவே என்னுடையதையும். அதில் எழுதியது இதுதான்: ‘அன்றைக்கு ஜீவிதா ஓடவில்லை. என்னையும் என் மகளையும் தூக்கிக்கொண்டு போனாள். திரைக்கதையில் இதை மாற்றினால்தான் என் சம்மதம். என் வேடத்தில் நடிக்கிறவள் எங்கள் கடற்கரையில் வெயில் பட்டுக் கறுத்தவளாக இருக்க வேண்டும். பூசிக் கறுத்தவள் வேண்டாம்.’ ஹேமநாத் தலையைப் பிய்த்துக்கொள்ளட்டும்.

வரும் ஞாயிறு சர்ச் முடிந்ததும் செங்கல்பட்டு லோக்கல் ஏறி வா. ஜோஷ்வாவையும் ஏரிக்கரையிலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டு வா. இந்தத் தடவை மீனைக் கருக்க மாட்டேன்.

பிளாட்பாரத்தில் நான் நிற்பேன். கூட்டத்தில் கூப்பிடாதே, எனக்குக் கேட்காது. இடது பக்கமாக வந்து இரண்டு தட்டு தட்டு. திரும்பிப் பார்க்கிறேன்.

உன்,
வெண்ணிலா